ஸ்விட்ச் போட ஓர் ஆள்

ஸ்விட்ச் 'டக்' என்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'டக்' என்று சொல்வதற்காகவே செய்த ஸ்விட்ச் அது. அதைத் திருப்ப வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

தங்கக்காது கண்ணில் கட்டிய துணியை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்ஃபோன். அதற்குள் ஒரு பெண், பக்கவாத்தியம் எதுவுமில்லாமல், தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். சற்றுமுன் வரை தள்ளி நின்று பாடியவள், 'டக்'குக்குப் பிறகு ஓரடி முன்னால் வந்திருந்தாள். அதாவது வெள்ளி செட்டிலிருந்து கறுப்பு செட்டுக்கு மாறிவிட்டது. அதுவும் இவர் "மாத்து" என்று சொன்னதும். பழக்க தோஷத்தில், காலி அறையில், யாருமில்லாத முதுகுப் பக்கத்துக்குச் சொன்ன "மாத்து".

தங்கக்காது என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஹெட்ஃபோன் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழு கொடுத்த பட்டம். பிழைப்புக்கு அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். பகலெல்லாம் லாரியில் மோதிச் சப்பையாகிப்போன கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, "பெரிய சேதம் ஒன்றுமில்லை" என்று எழுதுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அச்சு அசலாக ஒன்றுபோலவே ஒலிக்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அந்த எண்களை ஒலியாக மாற்றுவது டிஏசி என்ற பெட்டி. அந்த ஒலிக்குத் தெம்பேற்றி ஹெட்ஃபோனுக்குள் தள்ளுவது ஆம்ப் என்ற இன்னொரு பெட்டி. இரண்டும் சேர்ந்தது ஒரு செட். இரண்டு வேலையையும் போனே பார்த்துக்கொள்ளும். அப்படிச் சொல்பவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். குழுவில் மிஞ்சியிருப்பவர்கள் விவரமானவர்கள். பிளக்கைத் தலைகீழாக மாட்டினால் வயலினில் ஈரப்பசை கூடுகிறது என்று நாலு பக்கம் எழுதிய பல் டாக்டர் ஒருவர். எந்தப் பெட்டியைக் கேட்டாலும் "வெல்வெட் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே வெல்வெட் ஆகிப்போன இன்னொருவர்.

இந்தப் பெட்டிகளை நேர்மையாக ஒப்பிட ஒரே வழிதான். இரண்டு செட்டின் ஓசையையும் மீட்டர் வைத்துச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். கண் திறந்திருந்தால் காதில் விழுவது விலைதான். கண்ணைக் கட்டியவருக்கு முதுகுப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து, எது எது என்று வாயைத் திறக்காமல், ஸ்விட்சை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இன்னொரு ஆள் அவருடைய மனைவி. முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் பூண்டு உரித்துக்கொண்டே மறு கையால் ஸ்விட்ச் போடுவாள். ஒருமுறை நடுவில், "கேஸ் தீர்ந்துபோச்சுங்க" என்றாள். தங்கக்காது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். பேசாதே. அந்த உள்ளங்கை பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்தது, படுக்கையறைக்கு வந்தது. மகளின் பிரசவத்துக்கென்று கிளம்பிப் போனவள், பேத்தி தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை.

கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. அதற்குள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதன் அளவு தெரிந்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கினால் அடுத்த உதறலுக்காகக் காத்திருக்கும்படி ஆனது. நின்றபடியே சாப்பிட்டார். ஹாலில் விளக்குப் போடுவதை விட்டுவிட்டார். போட்டால் எதிர் நாற்காலி தெரிந்தது. வார இறுதியில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, திங்கள் காலை அலுவலகத்தில் வாயைத் திறந்தால் குரல் துருப்பிடித்து வந்தது.

போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் வரேன். அந்தப் பெட்டியெல்லாம் என் ரூமை விட்டுப் போயிருக்கணும்."

"எல்லாமேவா?"

"ஒண்ணு வெச்சுக்குங்க. பாவம். ஒரே ஒரு செட்டு. ரெண்டாவது கண்ணுல பட்டுதோ, வந்த பஸ்லயே திரும்பிடுவேன், சொல்லிட்டேன்."

"வா, வந்து பாரு."

"பாக்கத்தான் போறேன். என்னை முழுசா ஒரு பேச்சு பேச விடறீங்களான்னும் பாக்கறேன்."

அன்றே எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டார். மிஞ்சியவை இரண்டு. கறுப்பு, வெள்ளி. இரண்டில் ஒன்று போக வேண்டும். எது என்று முடிவு செய்ய முடியாமல் சனிக்கிழமை மதியம் வரை வந்துவிட்டது. வெளியே மழை. அவள் ஏற்கெனவே பஸ் ஏறியிருப்பாள். கண்ணைக் கட்டிக்கொண்டு, தானே எட்டி ஸ்விட்ச் போடலாம் என்று உட்கார்ந்தவர், பழைய ஞாபகத்தில் "மாத்து" என்று சொல்லித் தொலைத்தார்.

துணியை அவிழ்த்துத் திரும்பிப் பார்த்தார். மேசை, இரண்டு செட், நடுவில் ஸ்விட்ச் பெட்டி. அதன் பிடி கறுப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் சிவக்கும் அளவுக்கு இறுக்கமான பிடி அது. தானாகச் சாய்கிற ஜாதி இல்லை. தொட்டுப் பார்த்தார். லேசாக ஈரம் கசிந்திருந்தது. மழைக்காலம்தானே.

ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சேத மதிப்பீட்டாளரல்லவா; பெரிதாக ஒன்றுமில்லை.

பார்த்தபடியே "மாத்து" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, துணியைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாத்து" என்றார்.

டக்.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் இந்த இடத்தில் செருப்புக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடியிருப்பான். தங்கக்காதுக்கும் பயம் வராமலில்லை. பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. ஆனால் பயத்தோடு கூடவே, அவர் ஒத்துக்கொள்ள வெட்கப்பட்ட இன்னொன்றும் வந்தது. சந்தோஷம். எத்தனை காலம் கழித்து முறையான ஒரு சோதனை! முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள். பேசாத ஆள். இருமாத, கேஸ் தீர்ந்ததைச் சொல்லாத ஆள்.

"மாத்து."

டக்.

"கறுப்பு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் துணியை விலக்கிப் பார்த்தார். கறுப்பேதான். மறுபடி. வெள்ளி என்றார், வெள்ளிதான். ஒவ்வொரு முறையும் சரி. நடுவே போன் அதிர்ந்தது. வெல்வெட்.

"அண்ணே, முடிவு ஆச்சா? குரூப்பே காத்துக்கிட்டு இருக்கு."

"கண்ணைக் கட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அடேங்கப்பா! அப்ப அண்ணி வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"பின்ன யாரு ஸ்விட்ச் போடறது?"

தங்கக்காது அறையைத் திரும்பிப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் சுவர் வரைக்கும் வெறுமைதான் இருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு ஆள் இருக்கு."

"நம்பலாமா?"

"பேசறதே இல்ல."

"அதான் வேணும். ஆள் யாரா இருந்தா நமக்கென்ன? சத்தத்தைச் சமமா வெச்சீங்களா, அதைச் சொல்லுங்க. எது வெல்வெட்டு?"

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான், இந்த மதியம் தன்னோடு பேசிய ஒரே மனிதக் குரல் அதுதான் என்பது தோன்றியது. அதையும் வைத்தாகிவிட்டது.

மறுபடி உட்கார்ந்தார். மழை கனத்தது. ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த தகரத்தில் அது ஓயாமல் பொரிந்துகொண்டிருந்தது. கட்டிய துணிக்குள் இருட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அறையில் எதுவோ வாசனை. புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது தெர்மோகோலிலிருந்து வருகிற, எந்த மனிதனும் இதுவரை மூச்சு விடாத காற்றின் வாசனை. அது பின்னாலிருந்து வந்தது. வந்து, நின்று, வந்தது. ஒழுங்கான இடைவெளியில்.

முக்காலி கிரீச்சிட்டது.

முக்காலியை அவர் எப்போதோ பால்கனியில் தூக்கிப் போட்டுவிட்டார்.

"மாத்து," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே டக். அடுத்த முறை, சொல்ல வாயைத் திறக்கும்போதே டக். அதற்கடுத்த முறை, சொல்லலாம் என்று நினைத்தார்.

டக்.

அப்போது ஹெட்ஃபோனுக்குள் வந்தது கறுப்பு இல்லை. வெள்ளியும் இல்லை.

அதே பெண். அதே வரி. அதே சுருதி, அதே வேகம், அதே ஓசை. மூச்சு எடுக்கும் இடம்கூட அதே இடம். மூச்சு எடுத்தது மட்டும் வேறு யாரோ.

ஸ்விட்சுக்கு இரண்டு பக்கந்தான் உண்டு. அவர் கை மடியில் கிடந்தது; அதை நகர்த்தும்படி மூளை சொன்னது, கை கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுக்க நுணுக்கம், நுணுக்கம் என்று அடித்துக்கொண்டவருக்கு இப்போது நுணுக்கம் கிடைத்திருந்தது. பாடியது எதுவோ, அது பாட்டைக் கற்று வைத்திருந்தது. ஏன் பாடுகிறோம் என்பதைக் கற்கவில்லை.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கழுத்துக்கு இறக்கினார். துணி முடிச்சை விரல் தேடியது. கிடைக்கவில்லை. மழை. நல்லவேளை, வெளியே மழை இருக்கிறது. தகரத்தில் விழுகிறது. நிஜமான தகரம், நிஜமான தண்ணீர். அதையே பிடித்துக்கொண்டார்.

டக்.

மழை மாறியது.

கூடவில்லை, குறையவில்லை. துளிக்குத் துளி அதே கனம். ஆனால் அது சற்றுமுன் பெய்த மழை இல்லை.

துணியைத் தலை வழியாக உருவி எறிந்துவிட்டு எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே தெரு நனைந்துகொண்டிருந்தது; ஒருவன் பையைத் தலையில் பிடித்தபடி ஓடினான்; ஒரு நாய் கடைத் தாழ்வாரத்தில் உடம்பை உதறியது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பார்க்கிறவர்களுக்கு.

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் வேகவேகமாக. வயர்களைப் பிடுங்கினார். ஸ்விட்ச் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இன்னொரு பையில் போட்டு, கீழே இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்துவிட்டு வந்தார். ஒரு செட்டை அட்டைப்பெட்டிக்குள் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்தார். எந்த செட் சிறந்தது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. கைக்கு முதலில் எட்டியது வெளியே போனது. இத்தனை நாள் பாடுபட்டதற்கு அந்தத் தீர்ப்புதான்.

ஹாலில் விளக்கைப் போட்டார். எதிர் நாற்காலியைத் துடைத்தார். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் வர வேண்டும். வந்து பேச வேண்டும். எதையாவது. கேஸ் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசட்டும், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசட்டும், விடிய விடியப் பேசட்டும். இந்தக் காதுக்குள் ஒரு மனுஷக் குரல் வந்து உட்கார்ந்தால் போதும். வேறு எதற்கும் அங்கே இடமிருக்காது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குடை முதலில் வந்தது, பின்னால் அவள்.

"என்னங்க இது, வாசல்லயே காவலுக்கு நிக்கிறீங்க? உள்ள யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. யாரும் இல்ல. நீ வா."

"அட்டைப்பொட்டி வெளிய கெடக்கு? அப்ப நெஜமாவே ஒண்ணுதான் உள்ள இருக்கா?" குடையை மடக்கிக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "கட்டிலுக்கு அடியில பதுக்கி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க, மரியாதையா."

"உன் மேல சத்தியமா இல்ல."

"என் மேலயா? ரொம்பச் சாமர்த்தியம். பெட்டி மேல சத்தியம் பண்ணுங்க, நம்பறேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்து வெகு காலமாகியிருந்ததால் அது இருமலாகத்தான் முடிந்தது. அவளே போய் டீ போட்டாள். சர்க்கரை டப்பா இருக்கிற லட்சணத்துக்குத் திட்டினாள். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஈர முன்முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"உங்க பேத்தி என்ன பண்றா தெரியுமா? யாராவது பேசினா கையைத் தூக்கிக் காட்டறா. யாரும் சொல்லித் தரல. ரத்தம். மாப்பிள்ளை சிரிக்கிறாரு, எனக்குப் பத்திக்கிட்டு வருது."

தங்கக்காது கேட்டுக்கொண்டிருந்தார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வார்த்தைகளின் முனையில் அவள் குரல் லேசாக உடைந்தது. சிரிப்பதற்கு முன்னால் மூச்சு ஒரு படி தடுக்கியது. இது எப்போதிருந்து இப்படி? முப்பது வருஷமாக இருந்திருக்குமோ? வர்ணிக்க ஒரு சொல்லும் வரவில்லை. பெட்டிகளுக்கென்று பக்கம் பக்கமாக வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கொஞ்சம் சாய்ந்துகொண்டார். இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

அதனால் கண்ணை மூடினார்.

"பஸ்ல நல்லவேளை ஜன்னல் சீட்டு கெடச்சுது. பக்கத்துல ஒரு அம்மா, ஏறின உடனே தூக்கம். அப்படியே"

டக்.

"என் தோள்ல சாஞ்சுட்டாங்க. எழுப்பவும் மனசு வரல."

சத்தம் அவருடைய முதுகுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து வந்தது. ஸ்விட்ச் இல்லாத அறை.

கண்ணைத் திறந்தார். அவள்தான். அதே முன்முடி, அதே டீ டம்ளர், உதட்டோரம் அதே சிரிப்பு.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?"

வார்த்தையின் முனையில் குரல் உடைந்தது. மிகச் சரியான இடத்தில். சிரிப்பதற்கு முன்னால் மூச்சு தடுக்கியது. மிகச் சரியாக, ஒரு படி. மகள் கேட்டால் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியாது. குழுவில் ஒருவனுக்கும் தெரியாது. உலகத்தில் அந்த வித்தியாசத்தைக் கேட்கக்கூடிய காது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பட்டம் முதல்முறையாக அவருக்குப் பொருந்தியது.

"சொல்லு," என்றார். "இன்னும் ஏதாவது சொல்லு."

"அட, இவ்வளவு ஆசையா? என்ன சொல்ல?"

இல்லை. இவள் இல்லை.

எழுந்தார். கால் தானாக அறைக்குள் போனது. "எங்க போறீங்க?" என்று பின்னால் கேட்டது. தரையில் கிடந்த துணியைத் தேடி எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். கட்டிக்கொண்டார்.

"மாத்து."

டக்.

"என்னங்க, மறுபடி ஆரம்பிச்சாச்சா?" ஹாலிலிருந்து குரல். கோபம் சரியாக இருந்தது. இவளும் இல்லை.

"மாத்து."

டக்.

"நான் வந்தது தப்புதான்." இல்லை.

"மாத்து."

டக். "டீ ஆறிப்போச்சு, சூடு பண்ணவா?" இல்லை. டக். "லைட்டைப் போடட்டுமா?" இல்லை. இது கிட்டத்தட்ட. கிட்டத்தட்ட மட்டும்தான். "மாத்து. மாத்து." டக். டக். ஒவ்வொன்றும் அவள். ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு மயிரிழை தள்ளி.

எத்தனையாவது என்று தெரியாத ஒரு 'டக்'குக்குப் பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. காதுக்கு ஞாபகம் கிடையாது. சில நொடி தாங்கும். அதற்கு மேல் தாங்காது. அதனால்தான் அசல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டுப் போட்டு ஒப்பிட வேண்டும். எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். அவரிடம் மழையின் பதிவு இருந்தது. ரயிலின் பதிவு இருந்தது. முகம் தெரியாத பெண்கள் பாடியது ஆயிரக்கணக்கில் இருந்தது. அவள் குரல் எதிலும் இல்லை. எந்தப் பதிவிலாவது அவள் பேசியது கலந்துவிட்டிருந்தால், அதை வெட்டி எறிந்தவர் அவரேதான்.

இப்போது வந்த குரல் அவளுடையதாகவே இருக்கலாம். போன குரலாகவும் இருந்திருக்கலாம். அசலை எப்போதோ தாண்டிப் போயிருக்கலாம்.

"மாத்து," என்றார். வேறு சொல் வரவில்லை. அழுதிருப்பார் போல, துணி நனைந்து கனத்து, மூக்கின் மேல் சரிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. "சாப்பிட என்ன இருக்கு வீட்ல?" என்று அவள் குரல், நன்றாகத் தள்ளி, குழாயைத் திறந்துகொண்டே கேட்டது.

அதே நேரம் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகள் நீண்டு வந்து, சரிந்த துணியைப் பொறுமையாக மேலே ஏற்றி, அந்தக் கீற்று வெளிச்சமும் போகும்படி இழுத்து, முடிச்சை இறுக்கிவிட்டன.